எட்கர் வண்டியில் என் எஞ்சின்

உங்கள் ஸ்டேஷன் கார் என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது இடது பின்சக்கரத்தில் பிரேக் கட்டை உரசும் சத்தம் கேட்டது. கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் ஏதாவது ஒரு இறக்கத்தில் கைவிட்டுவிடும். போலீஸ் வண்டி என்று அது மரியாதை பார்க்காது.

நான் சொல்லச் சொல்ல கான்ஸ்டபிள் எழுதிக்கொள்வார் என்றீர்கள். வேண்டாம் என்றேன். நான் ஒன்று சொல்வேன், அவர் ஒன்று எழுதுவார், கடைசியில் கையெழுத்து மட்டும் என்னுடையதாக இருக்கும். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்து கோணல்தான். ஆனால் என் கோணல். காகிதம் கொடுத்ததற்கு நன்றி. டீயில் பாலை அள்ளிக் கொட்டியிருக்கிறீர்கள், பரவாயில்லை.

எட்கர் ஹார்ட்லி செத்ததில் என் பங்கு என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலில் இருந்துதான் சொல்வேன். நடுவில் பிடித்து இழுத்தால் நூல் அறுந்துபோகும்.

என் பெயர் ஆமோஸ் த்ரெல்ஃபால். ரயில் பாலத்துக்குக் கீழே பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வண்டிகள் மட்டும்தான் பார்ப்பேன். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைத் தாண்டித் தரை தெரியவேண்டும். அப்படிப்பட்ட வண்டிகள்.

எனக்கும் ஒரு வண்டி உண்டு. எம்.ஜி., இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி, நாற்பத்தெட்டு மார்ச்சில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. ஒரு இரும்புக் கிடங்கில் கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்து எடுத்துவந்தேன். எஞ்சின் இல்லை. கூடும் சட்டமும்தான். ஆனால் உள்ளே பலகையில் பித்தளைத் தகடு அப்படியே இருந்தது. அந்தத் தகட்டில் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். ஒன்று வண்டியின் எண். மற்றது அதோடு கூடப் பிறந்த எஞ்சினின் எண். எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலை பிளாக் என்போம்; அந்த பிளாக்கிலும் எட்டு மூலையுள்ள ஒரு சின்னத் தகடு இருக்கும், அதிலும் அதே எண் இருக்கவேண்டும். இருந்தால் அது முழு வண்டி. இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது.

வேறொரு எஞ்சினை வாங்கிப் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பழைய வண்டிச் சங்கத்தின் போட்டியில் நடுவர் வருவார், குனிவார், இரண்டு தகட்டையும் படிப்பார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். நான் தைத்த தோல் இருக்கையை ஏறிட்டும் பார்க்கமாட்டார். ஒரு பிள்ளையை நீங்கள் வளர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் ஊர் நடுவே வந்து, இது உன் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். எப்படி இருக்கும்?

எழுபத்து நான்காம் வருடக் கோடையில், தேவாலயத்துப் புல்வெளியில் வண்டிகள் வரிசையாக நின்றன. எட்கர் தன் வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, பார் என்றான். அவன் ஊர்ப் பேருந்து ஓட்டுநர். அவனுடையதும் அதே வகை எம்.ஜி., பச்சை நிறம். பானெட்டைத் தூக்கிக் குனிந்தேன். பிசுக்கைத் துணியால் துடைத்தேன். எட்டு மூலைத் தகடு வெளியே வந்தது. அதில் என் எண்.

திரும்பத் துடைத்தேன். என் எண்தான். பல வருடம் காலையும் மாலையும் நான் பார்த்த எண்.

"என்னடா, என் வண்டி வயித்துக்குள்ள தலையை விட்டுட்டு வெளியவே வரமாட்டேங்கற? சாண்ட்விச் வெளியில இருக்குடா" என்றான் எட்கர்.

"இது என் எஞ்சின்" என்றேன்.

"எது?"

"உன் வண்டியில இருக்கறது. என்னுது."

அவன் சிரித்தான். அவன் மனைவி நோராவைக் கூப்பிட்டு, "நோரா, இங்க வா. நம்ம குழந்தைக்கு அப்பன் வந்திருக்கான்" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

அப்புறம் பதினேழு வருடம். எஞ்சினுக்கு எஞ்சின் மாற்றிக்கொள்ளலாம் என்றேன், என்னுடையதைப் புதிதாக்கிக் கொடுக்கிறேன் என்றேன். எட்கர் கோபப்பட்டதே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம் கொடுத்தது. நியாயம் தன் பக்கம் இருப்பவனுக்குக் கோபம் வரும். இவனுக்கு வரவில்லை.

ஒருமுறை அவன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினான். அடுத்த நாளே என் பட்டறைக்கு வந்தான், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல்.

"டேய் ஆமோஸ், ஒரு விஷயம். அது உன் எஞ்சின் இல்லடா. பிளாக் வேற. எவனோ எப்பவோ பழைய பிளாக்கைத் தூக்கிப் போட்டுட்டு, தகட்டை மட்டும் கழட்டிப் புதுசுல அடிச்சிருக்கான். வார்ப்புத் தேதி உன் வண்டிக்கு அப்புறம் இருக்கு."

"அப்படியா?" என்றேன்.

"தகடு உன்னுதுதான். வேணும்னா இப்பவே தட்டிக் கழட்டித் தர்றேன். உன் எஞ்சின்ல வெச்சு அடிச்சுக்கோ. எந்த நடுவருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"அட, நீ ஒருத்தன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

தேதியைக் காட்டுகிறேன் வா என்று கூப்பிட்டான். நான் போகவில்லை. ஒரு மனிதன் தன் பொருளைக் கொடுக்க மனமில்லாதபோது என்னவெல்லாம் சொல்வான் என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் அப்பாவின் வீட்டைப் பற்றி இதைவிட அழகாகச் சொன்னான். கூடவே ஒரு டின் பிஸ்கட்டும் கொண்டு வந்திருந்தான்.

நாங்கள் சண்டைக்காரர்கள் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோரா செத்தபோது சவப்பெட்டியின் ஒரு மூலை என் தோளில் இருந்தது. அவன் கொட்டகைக்குத் தரை போட்டபோது சிமென்ட் கலவை கலக்கிக் கொடுத்தது நான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இறைச்சி சாப்பிடுவேன். அவன் மகள் ஐரீன் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

இனி பம்ப் விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் நிபுணர் இதையே பத்துப் பக்கம் எழுதுவார்.

இந்த வண்டிகளில் பெட்ரோலை டாங்கிலிருந்து எஞ்சினுக்குத் தள்ள ஒரு மின்சார பம்ப் இருக்கும். டீக் குவளை அளவு. பானெட்டைத் தூக்கினால் எதிரிலேயே நிற்கும். உள்ளே ஒரு சவ்வு, தலையில் தொட்டுத் தொட்டு விலகும் இரண்டு சின்னப் பாயின்ட்டுகள். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு டிக். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும், பிறகு மெதுவாகும், கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைந்ததும் நின்றுவிடும். சத்தம் நின்ற பிறகுதான் எஞ்சினைக் கிளப்புவோம். இந்த வண்டி வைத்திருப்பவன் எவனும் அதைக் காது கொடுத்துக் கேட்காமல் கிளப்பமாட்டான்.

ஆனால் கிண்ணம் நிறைந்தாலும் பம்ப் பேசாது. பம்ப் செத்தாலும் பேசாது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாயின்ட்டு தேய்ந்தால் பம்ப் அங்கங்கே மாட்டிக்கொள்ளும். அப்போது என்ன செய்வோம்? இறங்கி, ஸ்பேனர் பிடியால் அதன் தலையில் ஒரு தட்டு. மறுபடி டிக் டிக். எல்லாரும் செய்வதுதான். எட்கர் அதற்கென்றே ஒரு மரச் சுத்தியலை இருக்கைக்கு அடியில் வைத்திருந்தான். அதற்கு 'பாதிரியார்' என்று பெயர். உபதேசம் பண்ணினால் எழுந்து நடக்கும் என்பான்.

இரண்டு மூன்று வருடமாக எட்கருக்குக் கண்ணில் புரை. விரல்களும் நடுங்கும். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஸ்கார் தீவுப் பயணத்துக்கு முன்னால் பம்ப்பை என்னிடம் கொண்டுவருவான். இந்த வருடமும் கொண்டுவந்தான்.

"உன் கை பட்டாதான் அது ஒழுங்கா இருக்கும்" என்றான்.

சரி செய்து கொடுத்தேன். உண்மையாகவே சரி செய்தேன். அந்த வாரம் என் மனதில் ஒன்றும் இல்லை. அதாவது, எதுவும் முடிவாகவில்லை. டீசல் டப்பாக்களையும் புது ஆயிலையும் நான் முன்கூட்டியே வாங்கி வேனில் ஏற்றியிருந்தேன் என்று கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். வாங்கினேன். பட்டறைக்காரன் ஆயில் வாங்காமல் பூவா வாங்குவான்? ஆனால் அதற்காக வாங்கினாயா என்று கேட்டால், அதற்கும் சேர்த்துத்தான்.

தீவுக்குப் போகிற வழி உங்களுக்குத் தெரியும். கடல் இறங்கினால் சாலை, ஏறினால் சாலை இல்லை. நடுவில் கம்பங்களின் மேல் ஒரு மரக்கூண்டு. அகப்பட்டுக்கொண்டவர்கள் ஏணியில் ஏறி உட்கார. வருடத்தில் ஒரு நாள் எங்கள் சங்கம் முழுவதும் அந்தப் பக்கம் போய், மேபெல் நடத்தும் பப்பில் இறாலும் ரொட்டியும் பியருமாகச் சாப்பிட்டுவிட்டு, கடல் ஏறுவதற்குள் திரும்பிவிடும். இதில் இரண்டு வழக்கம் உண்டு. பட்டறைக்காரன் கயிறும் கருவிகளுமாகக் கடைசியில் வருவான். அது வால் வண்டி. வால் வண்டிக்கு முன்னால் யாராவது நின்றுபோனால் இழுத்துவருவது அதன் வேலை. இருபது வருடமாக நான்தான் வால். இன்னொன்று, கரை சேர்ந்தவர்கள் வால் வண்டிக்குத் தெரியும்படி ஹார்ன் அடிப்பார்கள்.

சாப்பாடு முடிந்து மற்ற வண்டிகள் கிளம்பிவிட்டன. எட்கரை மட்டும் நான் பேச்சில் பிடித்து வைத்தேன். மேபெல் மேசையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கிழவனுங்களா, வாசல்ல பலகையில நேரம் எழுதியிருக்கேன், கண்ணு தெரியுதா? கடல் உங்க கதை முடியட்டும்னு காத்திருக்காது."

"இவன் கதை முடியாது மேபெல். பதினேழு வருஷமா ஓடுது" என்றான் எட்கர்.

"இன்னும் அந்த எஞ்சினா? ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சுட்டா எஞ்சின் ஒரே வீட்டுக்குள்ள இருந்துடும். கேக் நான் பண்றேன்."

அவள் உள்ளே போன பிறகு கேட்டேன். "எட்கர், கடைசியாக் கேக்கறேன். மாத்திக்கலாமா, மாட்டியா?"

"ஏண்டா உனக்கு இந்த அவசரம்?" குவளையைக் கீழே வைத்தான். "எனக்குக் கண்ணு போயிட்டு இருக்கு. இன்னும் ஒரு கோடை ஓட்டுவேனோ என்னவோ. ஐரீன் கிட்ட சொல்லிட்டேன், எனக்கப்புறம் வண்டி முழுசா ஆமோஸுக்குன்னு. எஞ்சின், தகடு, பாதிரியார், எல்லாமே. போதுமா?"

"இப்ப தரமாட்ட."

"இப்ப நான் ஓட்டறேனேடா! நோரா உக்காந்த வண்டிடா இது. அந்த எஞ்சின் சத்தம் மாறினா என்னமோ மாதிரி இருக்கும் எனக்கு." கையை நீட்டி என் தோளைத் தட்டினான். "கரைக்குப் போனதும் அழுக்கைச் சுரண்டிக் காட்டறேன். நாப்பத்தொம்பதுல வார்த்த பிளாக் அது. உன் கண்ணால பாத்தாலாவது நம்புவியா?"

எனக்கப்புறம் உனக்கு என்று ஒருவன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அர்த்தமே இல்லை. அண்ணனும் சொன்னான்.

"கிளம்பறதுக்கு முன்னாடி பம்ப்பை ஒரு தடவ பாத்துடறேன்" என்றேன்.

"பாரு, பாரு. அதான் நீ இருக்கியே" என்றான். கூடையை எடுத்துவர உள்ளே போனான். நோராவின் பிக்னிக் கூடை. அவள் போன பிறகும் ஒவ்வொரு பயணத்துக்கும் எடுத்துவருவான்.

பம்ப்பின் மூடியைக் கழற்றினேன். பாயின்ட்டைத் தாங்கும் மெல்லிய தகட்டைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். அவ்வளவுதான். மூடியைப் போட்டேன். இப்படி வளைத்தால் பம்ப் சில டிக் அடிக்கும், மாட்டிக்கொள்ளும், தட்டினால் மறுபடி சில டிக், மறுபடி மாட்டிக்கொள்ளும். கிண்ணங்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. அதில் இருக்கும் பெட்ரோலில் அந்த வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். அது கடல்சாலையில் பாதி.

ஏன் வயரையே பிடுங்கவில்லை என்று கேட்பீர்கள். அடியோடு செத்த பம்ப்பை விட்டு மனிதன் எழுந்து நடந்துவிடுவான். தட்டினால் மூன்று தரம் அடிக்கிற பம்ப்பை விட்டுப் போகமாட்டான். இன்னும் ஒரு தட்டு, இன்னும் ஒரு தட்டு என்று நிற்பான். நானாக இருந்தாலும் நிற்பேன்.

எட்கர் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். டிக் டிக். நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"கேட்டியா? வயிறு நெறஞ்சிருக்கு. பின்னாலயே வந்துடு ஆமோஸ்."

"நீ முன்னால போ" என்றேன்.

அவன் போனான். நான் வேனில் ஏறவில்லை. மேபெலிடம் இன்னொரு டீ கேட்டேன். வேனில் கேஸ்கெட் ஒன்று போய்விட்டது, அடுத்த இறக்கத்தில் காலையில் போகிறேன் என்றேன். அவள் சன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். அங்கிருந்து சாலை தெரியும், ஒரு கோடு மாதிரி. கோட்டின் நடுவில் பச்சைப் புள்ளி நின்றது. பானெட்டின் ஒரு பக்கம் சிறகு மாதிரி மேலே எழுந்தது.

வண்டி அசைந்தது. நின்றது. மறுபடி கொஞ்சம் அசைந்தது. கூண்டைத் தாண்டிக்கூடக் கொண்டுபோய்விட்டான். அவனுக்குப் பொறுமை அதிகம், அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். பிறகு கோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கத் தொடங்கியது.

ஹார்ன் சத்தம் கேட்டது.

மேபெல் சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "எட்கர் கரை சேந்துட்டான் போல இருக்கே. இன்னிக்கு என்ன, ரொம்ப நேரம் அடிக்கறான்?"

"ம்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ம் என்பது பொய் இல்லை. வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நீங்களே விசாரித்திருக்கிறீர்கள். எட்கர் வரவில்லையா, சரி, வால் வண்டியோடு தீவிலேயே தங்கிவிட்டான், ஆமோஸ் கூட இருக்கும்போது என்ன பயம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். தீவில் இருந்தவர்கள், அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஹார்ன் அடித்தானே என்று நினைத்தார்கள். யார் மேலும் குற்றம் இல்லை. எல்லாரும் என்னை நம்பினார்கள். நான் யாரையும் நம்பச் சொல்லவில்லை.

விடிந்ததும் கடல் இறங்கியது. வேனை எடுத்துக்கொண்டு போனேன். வண்டி நின்ற இடத்திலேயே சற்றுச் சாய்ந்து மணலில் பதிந்திருந்தது. எட்கர் அதன் அந்தப் பக்கம் இருந்தான். அவன் இடுப்புப் பட்டை கதவுப் பிடியில் கட்டியிருந்தது. அலை இழுக்காமல் இருக்கக் கட்டிக்கொண்டிருக்கிறான். பாதிரியார் கையில் இல்லை, அடித்துப் போயிருக்கும்.

முதலில் பழைய ஆயிலை வடித்தேன். ஆமாம், முதலில் அதைத்தான் செய்தேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதுகிறேன். பிளக்குகளைக் கழற்றி, டீசல் ஊற்றிச் சுற்றினேன், திரும்ப வடித்தேன், புது ஆயிலை நிரப்பினேன். உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினுக்கு ஒரு மணி நேரம் என்பது பெரிய வித்தியாசம். எட்கருக்கு அதற்குமேல் எந்த வித்தியாசமும் இல்லை. எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, கரையில் இருந்த தொலைபேசிக்குப் போய் உங்களைக் கூப்பிட்டேன்.

இன்னொன்று. கூண்டில் நோராவின் கூடை இருந்தது. பக்கத்தில் மடித்து வைத்த கோட்டு. இரண்டும் நனையவில்லை. அவன் ஏணி ஏறி மேலே போயிருக்கிறான், அம்மா. அங்கே உட்கார்ந்திருந்தால் இன்று எனக்கு எதிரே இருந்து சிரித்திருப்பான். அவனே இறங்கியிருக்கிறான். நான் இறக்கவில்லை. இதை நீதிபதிக்குப் பெரிதாக எழுதுங்கள்.

விபத்து என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வண்டியை என் பட்டறையிலேயே வைத்தார்கள். அடக்கத்துக்கு முந்திய நாள் ஐரீன் வந்தாள். கறுப்பு உடுப்பு. அழவில்லை. பானெட்டைத் தூக்கினாள். அப்பாவின் பழக்கம், அவளுக்கும் கை தானாகப் போயிருக்கவேண்டும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். கம்பியின் நுனியில் ஆயில் தேன் நிறத்தில் நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆயில் புதுசா இருக்கு, மாமா."

"ஆமாம்மா. உப்புத் தண்ணி போன எஞ்சின். உடனே மாத்தணும்."

"எங்க வெச்சு மாத்தினீங்க?"

"அங்கயே. சாலையிலேயே."

கம்பியைத் துணியில் துடைத்து, திரும்ப அதன் இடத்தில் செருகினாள். "அப்பாவைப் பாக்கறதுக்கு முன்னாடியா, பாத்தப்புறமா?"

நான் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து ஆணியில் மாட்டினேன். அவள் பானெட்டை மெதுவாக மூடினாள்.

"வண்டி உங்களுக்குத்தான். அப்பா சொல்லிட்டுப் போயிருக்கார்" என்றாள். "எழுதியும் வெச்சிருக்கார்."

அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தாள் என்று பிறகு தெரிந்தது. கெட்டிக்காரப் பெண். கடலில் முழுகிய எஞ்சினில் ஆயில் சுத்தமாக இருப்பது உங்கள் ஆட்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் கை வைக்காமல் விட்டிருந்தால் தப்பித்திருப்பேன் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அவருக்கு எஞ்சின் தெரியாது. உப்பில் விட்டுவிட்டு வருவதா? என்னால் முடியாது. பார்க்கப்போனால் எட்கரே அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பான்.

நீங்கள் வருவதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி வெளியே எடுத்தேன். தகடு இல்லாத மறுபக்கத்தில் அழுக்கைச் சுரண்டினேன். வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் எழுத்துகள், யாரும் பிறகு அடித்தவை அல்ல. அக்டோபர், நாற்பத்தொன்பது. என் வண்டி பிறந்து ஒன்றரை வருடம் கழித்து.

அப்போதுதான் உங்கள் வண்டியின் பிரேக் சத்தம் கேட்டது.

ஐரீனிடம் நீங்கள் இதைச் சொல்வீர்கள். அப்பா உண்மையைத்தான் சொன்னார் என்று அவள் சொல்வாள். நீங்களும் அதையே நினைப்பீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. இந்த அறையில் உட்கார்ந்து நான் அதைத் திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். நான் வருத்தப்படவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். பொய் சொன்னவனுக்காக நான் ஏன் வருத்தப்படவேண்டும்?

அந்த எஞ்சினை அவன் ஒருமுறை பிரித்துப் பூட்டினான் என்று மேலே எழுதியிருக்கிறேன், திரும்பப் படியுங்கள். அப்போதுதான் மாற்றியிருக்கிறான். என் எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு நாற்பத்தொன்பது பிளாக்கைக் கொண்டுவந்து, என் தகட்டை அதில் அடித்து, வா வந்து பார் என்று கூப்பிட்டிருக்கிறான். நல்லவன் நல்லவன் என்று ஊரெல்லாம் சொல்கிறது. யாராவது அவன் கொட்டகையைப் பார்த்தார்களா?

அதன் தரைக்கு நான் கலவை கலக்கிக் கொடுத்தபோது அடியில் ஒன்றும் இல்லை. என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு உடைத்து, உள்ளே வைத்து, திரும்பப் பூசியிருக்கிறான். கடப்பாரையோடு ஆட்களை அனுப்புங்கள், அம்மா, ஆனால் பார்த்துத் தோண்டச் சொல்லுங்கள். என் எஞ்சின் அங்கேதான் இருக்கிறது, அடிபட்டுவிடக் கூடாது.